விரல் காட்டிச் சொல்பவள்

மண்ணூரில் நாகப்பனுடைய வீட்டு மொட்டை மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியும் மறு பக்கம் வாடகைக்கென்று கட்டிய ஒற்றை அறையும் இருந்தன. அந்த அறையில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்ணான கனகலட்சுமி குடியிருந்தாள். கீழ் வீட்டில் நாகப்பனின் மகள் சசிரேகா. இருவரும் கணினிப் பொறியியல் படித்தவர்கள். படித்த படிப்புக்கு வேலை உடனே அமையாததால், ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பணியாளர்களாகச் சேர்ந்திருந்தார்கள். ஒரே நீலச் சட்டையை அணிந்து ஒரே கம்பெனிப் பேருந்தில் போய் வந்தார்கள். எப்படியாவது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நுழைந்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஒரே ஆசையை இரண்டு பேர் வைத்திருப்பது ஒரே இலையில் இரண்டு பேர் உண்பதைப் போன்றது. பசி குறைவாக இருக்கும்வரை அதில் அன்பு மட்டுமே தெரியும்.

வேலையில்லாத பொழுதுகளில் அவர்கள் மாடியில் நேர்முகத் தேர்வுக்குப் பழகினார்கள். அந்தத் தேர்வில் படித்ததை ஒப்பித்தால் போதாது. எதிரில் இருப்பவர் ஒரு புதிர் தருவார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழி கண்டு கணினி நிரல் எழுதிக் காட்ட வேண்டும். ஆகவே ஒருத்தி பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து தேர்வாளராகக் கேள்வி கேட்பாள். மற்றவள் பாயில் அமர்ந்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் விடை எழுதுவாள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

சசிரேகா வேகமானவள். கேள்வியைக் கேட்டதும் உதட்டை மடித்துக்கொண்டு குனிவாள். நிமிரும்போது விடை முடிந்திருக்கும். தாளைத் திருப்பிக் காட்டிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு அமர்ந்துவிடுவாள். கனகலட்சுமிக்கு அப்படி வராது. அதற்குத் தொழிற்சாலைப் பழக்கமும் ஒரு காரணம்.

தொழிற்சாலையில் கனகலட்சுமி ஒயர்களைப் பலகையில் பொருத்தும் இடத்தில் நின்றாள். அங்கே ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பொருத்தலையும் ஆட்காட்டி விரலால் காட்டி, அதை வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். "கிளிப் சரி. லாக் சரி. டேப் சரி." கண் தவறவிடுவதை விரலும் வாயும் சேர்ந்து பிடித்துவிடும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. சசிரேகாவின் இடம் வேறு. முடிந்த கட்டுகளை விளக்கின்கீழ் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அங்கே பேச்சு ஆகாது. உதடு அசைந்தாலே சூப்பர்வைசர் பாண்டுரங்கன் தூரத்திலிருந்து முறைப்பார். இப்படி ஒரே கூரையின்கீழ் ஒருத்தி வாயைத் திறந்தும் மற்றவள் வாயை மூடியும் வேலை பழகினார்கள்.

அந்தப் பழக்கம் மாடிப்படி ஏறி வீட்டுக்கும் வந்தது. அவர்கள் அடிக்கடி பழகும் புதிர் ஒன்றில் எழுத்துகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே எழுத்து இரண்டு முறை வராத மிக நீளமான துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கனகலட்சுமி இடது ஆட்காட்டி விரலை முதல் எழுத்தின்மேல் ஊன்றிக்கொண்டு, வலது விரலை ஒவ்வொன்றாக நகர்த்துவாள்.

"க சரி. ம சரி. ல சரி. அடுத்தது மறுபடி ம. ஆத்தீ, இது ஏற்கெனவே உள்ள கெடக்கே! அப்போ இடது விரல் நகரணும். க வெளிய போயிட்டு. பத்தாது. பழைய ம-வும் போகணும். இல்ல, நில்லு, தப்பு... ம், சரிதான், சரிதான்."

"இன்னாடி, ரயில்வே ஸ்டேஷன்ல அனௌன்ஸ்மென்ட் குடுக்கிற மாதிரி சொல்லிக்கினே கீற?" என்று சசிரேகா சிரிப்பாள்.

"சொல்லலைன்னா மண்டைக்குள்ள ஏற மாட்டேங்குடி. நான் என்ன செய்ய?"

தொடக்கத்தில் சசிரேகாவுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. தனக்கு முன்னே தெரிந்ததை மற்றவள் பின்னே தேடி வருவதைப் பார்ப்பதில் ஒரு பெருந்தன்மையான இன்பம் உண்டு. அந்த இன்பம் நீடிக்க வேண்டுமானால் பின்னால் வருபவள் பின்னாலேயே வர வேண்டும். கனகலட்சுமி அப்படி இருக்கவில்லை. மெதுவாகத்தான் நடந்தாள், ஆனால் நிற்காமல் நடந்தாள். மழைக்காலம் முடிந்தபோது சசிரேகா விட்டுவிட்ட ஒரு பிழையை அவளுடைய விரல் தொட்டு நின்றது. "இங்கன ஒண்ணு விட்டுட்டியேடி" என்று அவள் இயல்பாகச் சொன்னாள். சசிரேகா, "அது எனக்கும் தெரியும், எழுதத்தான் மறந்துட்டேன்" என்றாள். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அதன்பின் சிறுசிறு விஷயங்கள் முள்ளாயின. தொழிற்சாலையின் காலைக் கூட்டத்தில் பாண்டுரங்கன் கனகலட்சுமியின் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்டச் சொன்னார். சசிரேகா தட்டினாள், உள்ளங்கைகள் சரியாகப் படாமல். வீட்டில் அம்மா சுந்தராம்பாள் வேறு.

"அந்தப் பொண்ணைப் பாரு, எயிந்து வாசல் தெளிச்சி கோலமே போட்டுட்டா. நீ இன்னும் போர்வைக்குள்ள கீற."

"அவ வாடகைக்கு வந்தவ. நான் இந்த வூட்டுப் பொண்ணு."

"அது அவளுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல."

ஆனால் கைதட்டலும் கோலமும் மேல்தோலில் பட்டவை. உள்ளே குத்தியது வேறொன்று. கனகலட்சுமி தவறு செய்வதற்கு வெட்கப்படவே இல்லை. "தப்பு, தப்பு" என்று தானே சிரித்துக்கொண்டு விரலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். சசிரேகாவோ ஒரு தவறான சொல் வாயிலிருந்து விழுந்துவிடுமோ என்று அஞ்சியே பள்ளிக்காலம் முதல் உதட்டை மடித்துப் பழகியவள். அந்த அச்சமே இல்லாமல் ஒருத்தி தன் எதிரில் அமர்ந்திருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. பணம், நகை என்றால் நாமும் ஒருநாள் வாங்கலாம் என்று தேற்றிக்கொள்ளலாம். இதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

தை பிறந்ததும் சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் ஆள் எடுப்பதாக அறிவித்தது. இணையவழி முதல் சுற்றில் இருவருமே தேறினார்கள். இரண்டாம் சுற்று, வீடியோ வழியாக ஒரு பொறியாளரோடு நேர்முகம். சசிரேகாவுக்கு ஒரு வியாழக்கிழமை மாலை. கனகலட்சுமிக்கு அடுத்த புதன்கிழமை காலை. படிப்பை முடித்து மூன்று ஆண்டுகளுக்கு மேலானவர்களை அந்த நிறுவனம் எடுப்பதில்லை. கனகலட்சுமி படிப்பில் ஓராண்டு மூத்தவள். சசிரேகா இதில் தவறினால் அடுத்த ஆண்டும் எழுதலாம். கனகலட்சுமிக்கு இதுதான் கடைசி. இது இருவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சசிரேகா மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். திரையில் கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி புன்னகையோடு கேள்வி கேட்டார். சசிரேகாவுக்கு அது எளிய கேள்வி. உதட்டை மடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்ன யோசிக்கிறீங்கன்னு சொல்ல முடியுமா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"ஒன் மினிட், மேம்."

சிறிது நேரம் கழித்து அவர் மறுபடி கேட்டார். சசிரேகா மறுபடியும் ஒரு நிமிடம் கேட்டாள். கடைசியில் நிரலைக் காட்டினாள். அது பிழையின்றி ஓடியது. அந்தப் பெண்மணி வருத்தத்தோடு பேசினார்.

"விடை சரிதாம்மா. ஆனா நீங்க எப்படி அங்க போனீங்கன்னு எனக்குத் தெரியவே இல்லை. நாங்க குழுவா வேலை செய்றவங்க. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட நீங்க யோசிக்கிறதைச் சொல்லணும், தப்பா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை வாயைத் திறந்து யோசிங்க."

வெளியே வந்தபோது கனகலட்சுமி மாடிப்படியில் காத்திருந்தாள்.

"என்னட்டி ஆச்சு?"

"போச்சு."

"போச்சா? உனக்கா? கேள்வி அம்புட்டு கஷ்டமா?"

அவளுடைய முகத்தில் தோன்றிய கவலை உண்மையானது. அதுவே சசிரேகாவைச் சுட்டது. அடுத்த புதன்கிழமை இவள் அதே பெண்மணியின் முன் அமர்வாள். விரலை நீட்டி, தப்பு தப்பு என்று சிரித்து, யோசிப்பதையெல்லாம் கொட்டுவாள். அவர்கள் தேடுவது அதையேதான். அது இவள் பாடுபட்டுக் கற்றதும் இல்லை. பொருத்தும் பலகையின் முன் நின்ற பழக்கத்தில் தானாக ஒட்டிக்கொண்டது. இந்த நினைப்பு நாவின் நுனிக்கு வந்தபோது வேறொரு வடிவம் எடுத்திருந்தது.

"உன்ன மாதிரி பண்ணேன்டி. அதான் போச்சு."

"என்னை மாதிரின்னா?"

"கை காட்டிக்கினு, வாயால சொல்லிக்கினு. அந்தம்மாவுக்குப் புடிக்கல. இன்னாமா, மனசுக்குள்ள யோசிக்கத் தெரியாதான்னு கேட்டுட்டாங்க. கம்முனு உக்காந்து முடிச்சிட்டு அப்புறமா வாயத் தொறக்கணுமாம்."

கனகலட்சுமி படியிலிருந்து எழுந்தாள். அவளுடைய கண்கள் நிரம்பிவிட்டன.

"என்னாலயாட்டி போச்சு? எம் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கிட்டா? நான் ஒருத்தி, தொண்டையைத் தொறந்துக்கிட்டே..."

இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சசிரேகா, "வுடு, போனது போச்சு" என்றாள். தான் மன்னித்துவிட்டதுபோல.

இதை விலங்குகளைக் கொண்டு சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். வறண்ட கிணறு ஒன்றில் இரண்டு ஆமைகள் இருந்தன. முதல் ஆமை படியேறப் பார்த்து, பாதி வழியில் உருண்டு விழுந்தது. இரண்டாவது ஆமை பதறி ஓடிவந்து, "எப்படி விழுந்தாய் அக்கா?" என்று கேட்டது. "காலை வெளியே நீட்டி ஏறினேன், அதனால்தான் விழுந்தேன். நீ கால்களை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஏறு, பாரம் குறையும்" என்றது முதல் ஆமை. இரண்டாவது ஆமை அக்காவுக்காக அழுதுவிட்டு, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டது. கிணற்றுச் சுவரில் ஒட்டியிருந்த தவளைகளின் காதில் அது அறிவுரையாகவே விழுந்திருக்கும். பொறாமை கோபத்தோடு வந்தால் நாம் உஷாராகிவிடுவோம். அது பெரும்பாலும் அக்கறையோடு வருகிறது.

கனகலட்சுமி சொன்னதைச் செய்பவள். மறுநாளிலிருந்து மாடியில் குரல் கேட்கவில்லை. சசிரேகா நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்டாள். கனகலட்சுமி பாயில் அமர்ந்து, விரல்கள் தாமாக எழுந்துவிடாதபடி இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தாள். உதடுகள் அசையத் தொடங்கும், உடனே கடித்துக்கொள்வாள். எழுத வேண்டிய நேரத்தில் ஒரு கையை மட்டும் வெளியே எடுப்பாள். எழுதியது தவறாக இருக்கும். எங்கே தவறியது என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை அவளால் எளிய கேள்விகளைக்கூடத் தொட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சசிரேகா, இருவருக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த எழுத்து வரிசைப் புதிரையே கேட்டாள். கனகலட்சுமி வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சசி, எனக்கு இது ஆகாதுடி. நாளைக்கு வரலைன்னு மெயில் போட்டுறவா? அங்க போயி முழிச்சிக்கிட்டு இருக்கதுக்கு, போகாமலே இருக்கலாம்லா?"

சசிரேகா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றாள்.

அன்று அவள் நன்றாக உறங்கினாள். பல வாரங்களாக வராத உறக்கம் அது, கனவுகூட இல்லை. புதன்கிழமை காலை கண் விழித்தபோது உடம்பு இலேசாக இருந்தது. ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்று யோசித்தாள். காரணம் தெரிந்ததும் எழுந்து அமர்ந்துகொண்டாள். ஒருத்தியின் வழியை அடைத்துவிட்டுத் தன்னால் இப்படி உறங்க முடிகிறதா என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் மாடிக்குப் போகவில்லை. எப்படியும் கனகா மெயில் போட்டிருப்பாள், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பல் விளக்கினாள்.

கனகலட்சுமி மெயில் போடவில்லை. மாடியில் இணையம் சரியாக எடுக்காது என்பதால் அவளுடைய நேர்முகமும் கீழ்க்கூடத்தில்தான் என்று முன்பே பேசியிருந்தார்கள். அந்த வாரம் இருவருக்கும் மதிய ஷிஃப்ட். நாகப்பன் டிவியை அணைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போயிருந்தார். சுந்தராம்பாள், தெருவில் கூவி வந்த மீன்காரம்மாவை, "சத்தம் போடாத, உள்ள பரீட்சை நடக்கப் போவுது" என்று அதட்டிக்கொண்டே மீன் வாங்கி முடித்தாள். கனகலட்சுமி தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சுடிதாரில், மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி இறங்கி வந்தாள்.

"இன்னாம்மா இது, ரெண்டு கையிலயும் காயமா?" என்று சுந்தராம்பாள் கேட்டாள்.

சசிரேகா திரும்பிப் பார்த்தாள். கனகலட்சுமியின் இரு ஆட்காட்டி விரல்களும் நடுவிரல்களோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தன. ஒயர் கட்டுகளுக்குச் சுற்றும் அதே டேப். அவள் எதைச் சுற்றினாலும் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி, ஒரே சீராக இருக்கும். இதிலும் அப்படியே இருந்தது.

"காயம்லாம் இல்ல அத்தே" என்று கனகலட்சுமி கூச்சத்தோடு சிரித்தாள். "இந்த வெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு. தானா எந்திரிச்சிருது. அதான் கட்டிப் போட்டுட்டேன். டைப் அடிக்க வருது, பாத்துக்கிட்டேன்."

சசிரேகா அவளருகே போனாள்.

"கனகா, அந்த டேப்பைப் பிரி."

"வேண்டாம்டி. அப்புறம் வாயும் தொறந்துக்கிடும்."

"தொறக்கட்டும். பிரின்னு சொல்றேன்ல? அந்தம்மா அப்படிச் சொல்லல. பேசணும்னுதான் சொன்னாங்க. நான்தான் பேசல. வாயத் தொறந்து யோசின்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

கனகலட்சுமி அவளைக் கனிவோடு பார்த்தாள். அந்தக் கனிவு சசிரேகா எதிர்பாராதது.

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்லுத. நேத்து நான் முழிச்சதைப் பாத்து உனக்குப் பாவமா இருக்கு."

"பாவம்லாம் இல்லடி! நெஜமா சொல்றேன்."

"அப்போ அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்ன? எனக்கு எதிரா ஒண்ணு சொல்ல உனக்கு என்னட்டி வந்திச்சு?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. அந்த விடையைச் சொல்லாவிட்டால் முன்பு சொன்ன உண்மையும் நம்பப்படாது. சுந்தராம்பாள் மீன் சட்டியோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா உள்ளே போகட்டும் என்று சசிரேகா ஒரு கணம் காத்தாள். அம்மா போகவில்லை.

"பொறாமை" என்றாள் சசிரேகா. "நீ தப்பு தப்பா சொல்லிக்கினே கரெக்டா போய்ச் சேர்ந்துடற. எனக்கு அது வராது. உன்ன எடுத்துடுவாங்கன்னு தெரியும். எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அதான்."

"அடிப்பாவி" என்றாள் சுந்தராம்பாள், மிகவும் மெதுவாக.

கனகலட்சுமியின் முகத்திலிருந்த கனிவு ஒரு நொடியில் வடிந்துபோனது. கைப்பேசியில் அலாரம் அடித்தது. அவள் அதை அணைத்தாள், கூடத்துக்குள் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். விரல்களில் டேப் அப்படியே இருந்தது.

சசிரேகா கதவோரம் நின்றாள். உள்ளே வணக்கங்கள் கேட்டன, பிறகு கேள்வி காதில் விழுந்தது. ஏறுவரிசையில் சில எண்கள். அவற்றில் எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட ஓர் எண் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அமைதி நீண்டது. அடுக்களையில் சுந்தராம்பாளும் பாத்திரத்தை உருட்டாமல் நின்றாள்.

"கனகலட்சுமி, என்ன யோசிக்கிறீங்கன்னு சொல்ல முடியுமா?" என்றது அந்தப் பெண்மணியின் குரல்.

விடை வரவில்லை. சசிரேகா கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். பேசு, பேசு என்று அவளுடைய மனம் அடித்துக்கொண்டது. அதே மனத்தின் வேறொரு மூலையில் எதுவோ எழுந்து அமர்ந்து, இவள் பேசாமலே இருந்துவிட்டால் குற்றம் இனி என்னுடையது அல்லவே, நான்தான் சொல்லிவிட்டேனே என்று கணக்குப் பார்த்தது. இரண்டு குரல்களையும் அவள் கேட்டாள். இரண்டும் அவளுடையவைதாம்.

அப்போது உள்ளே கர்ரென்று டேப் உரியும் சத்தம் எழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

"மன்னிச்சிக்கோங்க மேம்" என்றாள் கனகலட்சுமி. "நான் வெரல வச்சித்தான் யோசிப்பேன். இடது வெரல் முதல் எண்ணுல இருக்கு. வலது வெரல் கடைசி எண்ணுல. ரெண்டையும் கூட்டுனா... அதிகமா வருது. அப்போ இடதை நகத்துவேன். இல்ல, தப்பு, இடதை நகத்துனா இன்னும் கூடும். வலதைத்தான் உள்ள இழுக்கணும். ஏன்னா..."

"ஏன்னு சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்மணி. அவருடைய குரலில் ஆர்வம் ஏறியிருந்தது. சசிரேகாவின் முறை வந்தபோது அந்தக் குரலில் இல்லாத ஆர்வம். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு, அப்பாடா என்ற நிம்மதியும் நெஞ்செரிச்சலும் ஒரே மூச்சில் வந்தன.

நேர்முகம் முடிந்து கதவு திறந்தபோது கனகலட்சுமியின் நெற்றி வியர்த்திருந்தது. சுந்தராம்பாள்தான் முதலில் கேட்டாள்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"அடுத்த சுத்துக்கு வரச் சொல்லிட்டாவ அத்தே. வெள்ளிக்கிழமை. இன்னொருத்தர் கேப்பாராம்."

பிறகு அவள் பின்பக்கக் குழாயடிக்குப் போய், விரல்களில் ஒட்டியிருந்த பசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சசிரேகா பின்னாலேயே போய் நின்றாள்.

"அஞ்சு நாளு" என்றாள் கனகலட்சுமி, திரும்பாமலே. "அஞ்சு நாளு எங் கைமேல நானே உக்காந்திருந்தேன். உன்னைக் கெடுத்துட்டேன்னு அழுதேன். எங்க அம்மைக்கு போன் பண்ணிச் சொல்லி, அவளும் அழுதா. உனக்காக, தெரியுமா?"

"தெரியாது."

"மன்னிப்பெல்லாம் கேக்காத. எனக்கு இப்போ மன்னிக்க வரல."

"கேக்கல."

கனகலட்சுமி குழாயை மூடினாள். கையை உதறிவிட்டுத் திரும்பினாள். அவளுடைய பார்வை மாடியில் நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்கும்போது இருப்பதைப் போல நேராக இருந்தது.

"நான் உள்ள பேசாம இருந்தேன்லா, அப்போ நீ கதவுக்கு வெளிய என்ன நெனச்ச? நெசத்தைச் சொல்லு. யோசிச்சி அழகாக்கிச் சொல்லாத. வாற மாதிரியே சொல்லு."

சசிரேகாவின் உதடுகள் வழக்கம்போல் மடிந்தன. கனகலட்சுமி காத்திருந்தாள்.

"பேசுடின்னு நெனச்சேன்" என்று சசிரேகா தொடங்கினாள். "அப்புறம்... நீ பேசாமலே போயிட்டா என் மேல தப்பு இல்லன்னு நெனச்சேன். இல்ல, இரு, தப்பு. தப்பு இல்லன்னு மட்டும் இல்ல. கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சி. டேப் சத்தம் கேட்டதும் அப்பாடான்னு ஆச்சி. அந்தம்மா உன்கிட்ட ஆசையா கேள்வி கேட்டாங்க பாரு, அப்போ மறுபடி எரிஞ்சுது."

"இப்போ?"

"இப்பவும் எரியுது. வெள்ளிக்கிழமையும் நீ ஜெயிச்சிடுவ. ஜெயிக்கணும்னும் கீது. ரெண்டும் எப்படி ஒண்ணா கீதுன்னு எனக்கு... தெரியல."

இவ்வளவு நீளமாக அவள் வாய்விட்டு யோசித்தது அதுவே முதல் தடவை. சொல்லி முடித்ததும் துணி துவைக்கும் கல்லில் அமர்ந்துவிட்டாள். கனகலட்சுமி துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"நாளைக்குக் காலையில மாடிக்கு வா" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு எனக்கு ஆள் வேணும். எம் பிழையெல்லாம் உனக்குத்தான் தெரியும். ஆனா பாதி நேரம் நான் நாற்காலியில இருப்பேன். நீ பாயில உக்காந்து வாயைத் தொறந்து பேசணும். வாயை மூடுனே, அன்னைக்கே நான் வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிருவேன்."

"சரி" என்றாள் சசிரேகா.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. சுந்தராம்பாள் இருவரையும் அடுக்களையில் அமர்த்திச் சோறு போட்டாள். மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியைத் துழாவி, நல்ல நடுத்துண்டாக ஒன்றை எடுத்துக் கனகலட்சுமியின் தட்டில் வைத்தாள். சசிரேகாவின் தட்டில் வால் துண்டு விழுந்தது.

சசிரேகா இரண்டு தட்டுகளையும் பார்த்தாள். உதட்டை மடிக்கப் போனவள், நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு இதுவும் எரியுது" என்றாள்.

"எரிஞ்சா தண்ணி குடி" என்று சுந்தராம்பாள் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

கனகலட்சுமி சிரிக்கவில்லை. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, மீனில் முள்ளைப் பிரிக்கத் தொடங்கினாள்.